கிரீன் கார்டு மசோதாக்கள்: வரிசையை நகர்த்துவது எது, வாழ்க்கையை நகர்த்துவது எது?

மாதத்தில் ஒரு நாள் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு உயிர் வந்துவிடும். "புல்லட்டின் வந்தாச்சு" என்று யாராவது போடுவார். அடுத்த நிமிடமே எல்லாருடைய விரலும் ஒரே கட்டத்தைத் தேடிப் போகும். அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில், வேலை வழிக் குடியேற்றத்தின் இரண்டாம் பிரிவைக் குறிக்கும் 'இபி-2' என்ற வரியும் 'இந்தியா' என்ற பத்தியும் சந்திக்கிற கட்டம் அது. அதில் ஒரு தேதி இருக்கும். உங்களுக்காகக் கம்பெனி முதல் மனுவைப் போட்ட நாள் அந்தத் தேதிக்கு முந்தையதாக இருந்தால், நிரந்தரமாகத் தங்கும் அனுமதியான கிரீன் கார்டு கிடைக்கும். இல்லையென்றால் அடுத்த மாதம் மறுபடி பார்க்க வேண்டியதுதான்.

என் பிரையாரிட்டி டேட், அதாவது அந்த முதல் மனுப் போட்ட நாள், 2016 ஜூன். 2025 டிசம்பர் புல்லட்டினில் அந்தக் கட்டத்தில் இருந்தது 2013 மே. "மூணு வருஷம்தானேப்பா பாக்கி?" என்று தஞ்சாவூரிலிருந்து அம்மா கேட்டார். அப்படியில்லை என்று புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. இதே தேதி 2022-இன் நடுவில் 2014 டிசம்பர் வரை போயிருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 2011 அக்டோபருக்குத் திரும்பி வந்துவிட்டது. இந்த வரிசை முன்னால் மட்டும் போவதில்லை.

சிக்கலின் வேர் 1990-இல் இருக்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று மூத்த புஷ் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம், வேலை வழியாக வருகிறவர்களுக்கு ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டு என்று நிர்ணயித்தது. எந்த நாட்டில் பிறந்தவர்களும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் பெற முடியாது. 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கும் நான்கு லட்சத்தைக்கூடத் தொடாத ஐஸ்லாந்துக்கும் ஒரே அளவுதான். ஆனால் தற்காலிகமாக வேலைக்கு வரும் எச்-1பி விசாவுக்கு நாட்டு வரம்பு கிடையாது. வெளிவாசலில் ஆயிரக்கணக்கில் உள்ளே விட்டுவிட்டு, உள்வாசலில் ஒருக்களித்த கதவை வைத்திருக்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இபி-1, இபி-2, இபி-3 ஒவ்வொன்றுக்கும் 28.6 சதவீதம், அதாவது 40,040. அதில் 7 சதவீதம் என்றால் சுமார் 2,800. மற்ற நாட்டவர் எடுக்காமல் விட்டது சில ஆண்டுகளில் நம் பக்கம் வழியும். அதை நம்பி யாரும் திட்டம் போட முடியாது. இந்த 2,800-க்குள் மனைவி, பிள்ளைகளும் அடக்கம். எங்கள் வீட்டுக்கே மூன்று எண் வேண்டும். கேட்டோ இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு அமைப்பு 2023-இல் போட்ட கணக்குப்படி, வேலை வழி வரிசையில் நின்றவர்கள் 18 லட்சம் பேர், அவர்களில் 11 லட்சம் பேர் இந்தியர்கள். அன்று புதிதாக வரிசையில் சேரும் இந்தியருக்குக் காத்திருப்பு 134 ஆண்டுகள். காத்திருந்தபடியே இறந்துபோவார்கள் என்று அவர்கள் மதிப்பிட்டது 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை.

இதைச் சரிசெய்ய எத்தனையோ மசோதாக்கள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு, அதன் பிரதிநிதிகள் சபைக்கும் செனட்டுக்கும், வந்துபோயின. 'நம்ம பில்' என்று குழுவில் பேசும்போது ஒவ்வொருவர் மனதில் ஒவ்வொரு மசோதா இருக்கிறது, அதனால்தான் வீண் சண்டை வருகிறது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் அளவுகோல் இரண்டு. அந்த மசோதா வரிசையை நகர்த்துமா? வரிசை நகராதபோதும் நிற்கிறவரின் வாழ்க்கையை நகரவிடுமா?

நாட்டு வரம்பை மட்டும் எடுத்தால்

எங்களில் பெரும்பாலோர் 'நம்ம பில்' என்று சொல்வது இதைத்தான். வேலை வழிக் கிரீன் கார்டுக்கு 7 சதவீத வரம்பே வேண்டாம், குடும்ப வழிக்கு அதை 15 சதவீதமாக உயர்த்து, யார் முதலில் மனுப் போட்டாரோ அவருக்கு முதலில் கொடு. சொல்லும்போதே நியாயம் புரிந்துவிடும். அதனால்தான் இதற்குக் கட்சி பேதமில்லாமல் ஓட்டு விழுந்தது. 2011 நவம்பரில் உட்டாவின் ஜேசன் சாஃபெட்ஸ் கொண்டுவந்த எச்.ஆர். 3012 பிரதிநிதிகள் சபையில் 389-க்கு 15 என்று நிறைவேறியது. செனட்டில் சக் கிராஸ்லி தடுத்து நிறுத்தினார். 2019 ஜூலை 10 அன்று ஸோ லாஃப்கிரன், கென் பக் இருவரும் முன்னின்ற எச்.ஆர். 1044, 365-க்கு 65 என்று நிறைவேறியது.

செனட்டில் இதற்கு இணையான எஸ். 386-ஐ மைக் லீயும் கமலா ஹாரிஸும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். துளசேந்திரபுரத்தில் வேர் உள்ள குடும்பத்துப் பெண் இந்த மசோதாவில் பெயர் போட்டிருக்கிறார் என்று அன்று எங்கள் குழுவே கொண்டாடியது. செனட்டில் வழி வேறு. 'ஒருமித்த சம்மதம்' என்ற முறையில் கொண்டுபோனால் விவாதம், ஓட்டெடுப்பு எதுவும் இல்லாமல் நிறைவேற்றலாம். ஆனால் நூறு பேரில் ஒருவர் "ஆட்சேபிக்கிறேன்" என்றாலும் அன்றைக்கு நின்றுவிடும். நர்ஸுகளுக்குத் தனி இடம் வேண்டும் என்று ரேண்ட் பால் நிறுத்தினார். மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் பங்கு பிரித்து என்ன பயன் என்று டிக் டர்பின் நிறுத்தினார். பிறகு ரிக் ஸ்காட். ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் ஒரு திருத்தம். கடைசியில் 2020 டிசம்பர் 2 அன்று செனட் அதை நிறைவேற்றியது.

அந்த இரவை மறக்க மாட்டேன். மனைவி பாயசம் வைத்தாள். மறுநாள் காலையில்தான் முழு உரையைப் படித்தோம். சபை நிறைவேற்றியது ஒன்று, செனட் நிறைவேற்றியது இன்னொன்று. எச்-1பி கட்டுப்பாடுகள், சீன ராணுவம், கட்சி தொடர்பானவர்களுக்குத் தடை, நீண்ட மாறுதல் காலம் எல்லாம் உள்ளே ஏறியிருந்தன. இரண்டையும் இணைக்க ஒரு மாதம்தான் இருந்தது. 2021 ஜனவரி 3 அன்று அந்தக் காங்கிரஸின் ஆயுள் முடிந்தது, மசோதாவும் அதோடு போயிற்று. இரண்டு அவைகளும் சரி என்று சொன்ன பிறகும் சட்டமாகவில்லை.

நாட்டு வரம்பை எடுத்தால் மட்டும் போதுமா? 2020-இல் காங்கிரஸின் ஆய்வுப் பிரிவு ஓர் அறிக்கை தந்தது. அப்போதைய சட்டப்படி இபி-2 வரிசையில் புதிதாகச் சேரும் இந்தியருக்கு 195 ஆண்டு. வரம்பை எடுத்தால் அது 17 ஆண்டாகக் குறையும். இதைப் பார்த்து எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் அதே அறிக்கை, மொத்த வரிசையின் நீளம் இதனால் ஒரு ஆள்கூடக் குறையாது என்றும் சொன்னது. ஆண்டுக்கு 1,40,000 என்பது அப்படியே இருக்க, வந்து சேருகிறவர்கள் அதைவிட அதிகமாக இருந்தால் நீளம் எப்படிக் குறையும்? 2030 வாக்கில் இபி-2-இல் சேரும் எந்த நாட்டவருக்கும் 37 ஆண்டுக் காத்திருப்பு என்று அது கணித்தது.

இதை எனக்குப் புத்தகத்தைவிட நன்றாகப் புரியவைத்தவர் என் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்த கானா நாட்டு நண்பர். நான் மனுப் போட்டதற்கு அடுத்த வருடம் மனுப் போட்டு, இரண்டு வருடத்தில் கார்டு வாங்கியவர். மதியச் சாப்பாட்டின்போது எஸ். 386 பற்றி நான் ஆர்வமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "என் தம்பி இப்போதுதான் மாஸ்டர்ஸ் முடிக்கிறான். உங்கள் மசோதா வந்தால் அவனுக்கு எத்தனை வருடம்?" எனக்குப் பதில் தெரிந்திருந்தது, சொல்ல வாய் வரவில்லை. அவர் தம்பி செய்த குற்றம் ஒன்றுமில்லை, நான் செய்த குற்றமும் ஒன்றுமில்லை. பத்துப் பேர் வீட்டில் நாலு பேருக்குச் சோறு வடித்துவிட்டு யார் முதலில் உட்காருவது என்று சண்டை போடுவது போன்றது இது. பாகுபாடு போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறந்த ஊரை வைத்து ஒருவருக்கு 2 வருடம், இன்னொருவருக்கு ஆயுள் என்பது அநியாயம். அந்த அநியாயத்தைத் தீர்க்கச் சோற்றையும் கூட்டியாக வேண்டும்.

எண்ணிக்கையைக் கூட்டினால்

டர்பின் வெறுமனே தடுக்கவில்லை. 2019 அக்டோபரில் பேட்ரிக் லேஹியோடு சேர்ந்து ரிலீஃப் ஆக்ட் என்ற மாற்று மசோதாவைக் கொண்டுவந்தார். நாட்டு வரம்பும் போகும். ஐந்து ஆண்டுக்குள் தேங்கிய வரிசை முழுவதும் தீரும். மனைவி, பிள்ளைகள் எண்ணிக்கையில் சேரமாட்டார்கள். அன்று எங்கள் குழுவில் டர்பினைத் திட்டாதவர் இல்லை, நானும் திட்டினேன். இப்போது அந்த மசோதாவை நிதானமாகப் படிக்கும்போது, எல்லாவற்றிலும் முழுமையான மருந்து அதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

அதில் என் மனதைத் தொட்டது குடும்பத்தை எண்ணாதே என்ற பிரிவு. வேலை வழிக் கிரீன் கார்டில் பாதிக்கு மேல் வேலை பார்ப்பவருக்குப் போவதில்லை, அவர் குடும்பத்துக்குப் போகிறது. அவர்களை எண்ணாமல் விட்டால், சட்டத்தில் எழுதிய 1,40,000 என்ற எண்ணைத் தொடாமலே வரிசை இரண்டு மடங்கு வேகமாக நகரும். 1990 சட்டம் குடும்பத்தையும் எண்ணச் சொல்லவே இல்லை என்று வாதிட்ட வழக்கறிஞர்கள் உண்டு. முதலீட்டாளர் விசா வழக்கு ஒன்றில் 2021-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆகவே காங்கிரஸ்தான் மாற்ற வேண்டும்.

எண்ணிக்கையைக் கூட்ட இன்னொரு வழி, வீணாய்ப்போனதை மீட்பது. ஒதுக்கிய கார்டுகளை அதிகாரிகள் செப்டம்பர் 30-க்குள் கொடுத்து முடிக்காவிட்டால் வேலை வழியில் அவை திரும்ப வராது. கொரோனா காலத்தில் குடும்ப வழியில் மிஞ்சியது இந்தப் பக்கம் வந்து, 2021 நிதியாண்டில் 2,62,000 கார்டுகள் இருந்தன. அவற்றில் சுமார் 66,000 வீணாயின. அந்த செப்டம்பர் 30 இரவு பன்னிரண்டு மணிக்கு நான் விழித்திருந்தேன். ஒரு ஆண்டின் இந்திய ஒதுக்கீட்டைப் போல எத்தனையோ மடங்கு, கடிகார முள் நகர்ந்ததும் இல்லாமல் போனது. மீட்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2000-இல் வந்த சட்டம் முந்தைய ஆண்டுகளில் வீணான சுமார் 1,30,000 எண்களை மீட்டது. 2021 நவம்பர் 19 அன்று சபை 220-க்கு 213 என்று நிறைவேற்றிய பில்ட் பேக் பெட்டர் மசோதாவிலும் 1992 முதல் வீணானதை மீட்கும் பிரிவு இருந்தது. அடுத்த மாதமே செனட்டர் ஜோ மன்ச்சின் ஒப்ப மறுத்ததால் செனட்டில் அது முடங்கியது.

பைடன் பதவியேற்ற உடனே அனுப்பிய குடியுரிமை மசோதாவில் இவை எல்லாமே இருந்தன. 1,40,000 என்பது 1,70,000 ஆகும், வீணானவை மீளும், வரம்பு போகும், குடும்பத்தை எண்ண மாட்டார்கள். அதோடு ஆவணமில்லாத கோடிப் பேருக்குக் குடியுரிமைப் பாதையும் சேர்த்திருந்தது. அந்தச் சுமையோடு அது ஒரு அடி நகரவில்லை. பெரிய மசோதா மிக அருகில் வந்தது 2013 ஜூனில். எஸ். 744 செனட்டில் 68-க்கு 32 என்று நிறைவேறியது. வரம்பை எடுப்பதும் குடும்பத்தை எண்ணாமல் விடுவதும் அதில் இருந்தன. அந்த முறை சபை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை.

2011-இல் சபை சொன்னது, செனட் மறுத்தது. 2013-இல் செனட் சொன்னது, சபை தொடவில்லை. 2019-இல் சபையும் 2020-இல் செனட்டும் சரி என்றன, வேறு வேறு சொற்களில். இத்தனை ஆண்டாக இதைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு எந்த மசோதா சிறந்தது என்ற கேள்வியோடு, எது நடக்கக்கூடியது என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

ஆர்.ஏ.சி. டிக்கெட்

இங்கேதான் ஈகிள் ஆக்ட் வருகிறது. லாஃப்கிரனும் உட்டாவின் ஜான் கர்ட்டிஸும் 2021 ஜூனில் கொண்டுவந்த எச்.ஆர். 3648. மேலோட்டமாகப் பார்த்தால் பழைய மசோதாதான்: வரம்பு ஒன்பது ஆண்டுகளில் படிப்படியாகப் போகும், கூடுதல் கார்டு ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே ஒரு பிரிவு. இரண்டு ஆண்டு காத்திருந்தவர் தன் எண் வருவதற்கு முன்பே கடைசி விண்ணப்பத்தைப் போடலாம். நாங்கள் 'நானூத்தி எண்பத்தஞ்சு' என்று சொல்லும் ஐ-485.

ஊரில் ரயில் டிக்கெட் எடுத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வெயிட்டிங் லிஸ்ட் என்றால் பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும். ஆர்.ஏ.சி. என்றால் பெர்த் இல்லை, ஆனால் வண்டிக்குள் ஏறி உட்காரலாம். ஐ-485 போட்டுவிட்டால் விசாவைச் சாராத வேலை அனுமதி வரும். ஆறு மாதம் கழிந்ததும் அதே மாதிரி வேலை என்றால் கம்பெனி மாறலாம், ஆரம்பத்திலிருந்து மனுப் போட வேண்டாம். வேலை போனால் 60 நாளில் பெட்டி கட்ட வேண்டாம். பிள்ளையின் வயது விண்ணப்பித்த நாளோடு உறைந்துவிடும் என்றும் அந்த மசோதா சொன்னது.

இது என்ன செய்யும் என்பதற்குக் கண்முன்னே சாட்சி இருக்கிறது. 2007 ஜூலை புல்லட்டினில் திடீரென்று வேலை வழியின் ஏறத்தாழ எல்லாத் தேதியும் 'கரண்ட்' ஆனது, அதாவது காத்திருக்காமல் விண்ணப்பிக்கலாம். ஜூலை 2 அன்று கதவை மூடினார்கள். நம்மவர்கள் கோபத்தைக் காட்டவில்லை, குடியேற்றத் துறை இயக்குநருக்கு ஆயிரக்கணக்கில் பூங்கொத்து அனுப்பினார்கள். அவர் அதைக் காயம்பட்ட படைவீரர்கள் இருந்த மருத்துவமனைகளுக்கு அனுப்பிவைத்தார். சில நாளில் அரசு இறங்கிவந்து ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பங்களை வாங்கியது. எங்கள் டீமில் இருந்த சேலத்து அண்ணன் ஒருவர் அந்த இடைவெளியில் 485 போட்டவர். அவருக்குக் கார்டு வர அதற்குப் பிறகும் பல வருடம் ஆயிற்று. ஆனால் அந்த வருடங்களில் அண்ணி வேலைக்குப் போனார். அவர் மூன்று கம்பெனி மாறினார், வீடு வாங்கினார், அப்பாவின் காரியத்துக்கு யோசிக்காமல் விமானம் ஏறினார். நானோ இங்கே வந்ததிலிருந்து ஒரே மேனேஜரின் கீழே, ஒரே பதவியில். பதவி உயர்வு கொடுத்தால் வேலை விவரம் மாறும், புது மனுப் போட வேண்டும் என்று கம்பெனி வக்கீல் சொன்னார். மனைவி முதுகலை முடித்தவள். 2015 மேயில், எச்-1பிகாரரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் மனைவிக்கு வேலை அனுமதி தரும் விதி வந்தது, எனக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆன பிறகுதான் அவளுக்கு அது பொருந்தியது. நான்கு வருடத்துக்கும் மேல் அவள் வீட்டில் இருந்தாள்.

வரிசையில் அவரும் நின்றார், நானும் நின்றேன். வித்தியாசம் அந்த ஒரு விண்ணப்பம்.

ஈகிள் ஆக்ட் நீதிக் குழுவைத் தாண்டியது. 2022 டிசம்பரில் வெள்ளை மாளிகையும் ஆதரவு தெரிவித்தது. ஓட்டெடுப்புக்கு நாள் குறித்தார்கள், பிறகு ஓட்டு பத்தாது என்று அவையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆப்பிரிக்க, கரீபிய நாடுகளிலிருந்து வருவோருக்கு இடம் குறையும் என்ற அச்சம் அன்றைய ஆளும் கட்சிக்குள்ளேயே இருந்தது. என் கானா நண்பரின் கேள்விதான் அது. எண்ணிக்கையைக் கூட்டாத எந்த மசோதாவையும் அந்தக் கேள்வி வழியில் மறிக்கும்.

மதிப்பெண் முறை

2017-இல் டாம் காட்டனும் டேவிட் பெர்டியூவும் கொண்டுவந்த ரெய்ஸ் ஆக்ட் சட்டப்படியான குடியேற்றத்தையே ஏறத்தாழ பாதியாக்கி, வேலை வழியில் மதிப்பெண் பட்டியல் வைக்கச் சொன்னது. படிப்பு, ஆங்கிலம், சம்பளம், வயது. திறமைக்கு மதிப்பு என்று நம்மில் சிலருக்கு அது பிடித்திருந்தது. வயதுப் பத்தியை மட்டும் பாருங்கள். 26 முதல் 30 வயதுக்கு 10 மதிப்பெண். 33 வயதில் இங்கே வந்த எனக்கு அன்று 8. இப்போது 46, கிடைப்பது 2. வருடக்கணக்கில் காக்கவைத்துவிட்டு, காத்திருந்ததால் கூடிய வயதுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கும் முறை அது. எனக்கு அதில் மேலும் பேச ஒன்றும் இல்லை.

டிக்னிட்டி ஆக்ட்

புளோரிடாவின் மரியா எல்விரா சலசாரும் டெக்சாஸின் வெரோனிகா எஸ்கோபாரும் 2023 மேயில் கொண்டுவந்து, 2025 ஜூலையில் எச்.ஆர். 4393 என்று மறுபடி வைத்த மசோதா இது. ஒருவர் குடியரசுக் கட்சி, ஒருவர் ஜனநாயகக் கட்சி. நாட்டு வரம்பை எடுக்கவில்லை, 7-ஐ 15 சதவீதமாக்குகிறது. குடும்பத்தை எண்ணுவதில்லை. பத்து ஆண்டுக்கு மேல் காத்திருப்பவர் 20,000 டாலர் கட்டினால் விரைவாக முடித்துத்தரும்.

15 சதவீதம்தானா என்று முதலில் ஏமாற்றமாக இருந்தது. பேப்பரில் போட்டுப் பார்த்தேன். இபி-2-இல் 15 சதவீதம் என்றால் சுமார் 6,000. இப்போதைய 2,800-இல் குடும்பம் போக வேலை பார்ப்பவர் பாதிக்கும் குறைவு, 1,300 என்று வையுங்கள். புது முறையில் 6,000-மும் வேலை பார்ப்பவர்களே. நாலு மடங்குக்கு மேல். மற்ற நாட்டவருக்கும் குடும்ப எண்கள் மிச்சமாவதால், நண்பரின் தம்பி இதில் தோற்பதில்லை. வரம்பை முழுக்க எடுக்கும் மசோதாவைவிட இது எங்களுக்குக் குறைவாகத் தருகிறது, ஆனால் யார் தட்டிலிருந்தும் பெரிதாக எடுக்கவில்லை.

என் மனம் ஒப்பாதது அந்த 20,000 டாலர். பெரிய கம்பெனியில் இருப்பவர் கட்டிவிடுவார். சிறிய ஊரின் ஆஸ்பத்திரியில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் கேரளத்து நர்ஸ் எப்படிக் கட்டுவார்? ஒழுங்காக வரி கட்டிப் பத்து வருடம் நின்றவரிடம் நின்றதற்கே கட்டணம் கேட்பது தப்பு. இன்னொன்று, இந்த மசோதாவின் பெரும்பகுதி எங்களைப் பற்றியது அல்ல. எல்லைப் பாதுகாப்பும், ஏழு ஆண்டில் 7,000 டாலர் கட்டும் ஆவணமில்லாதவர்களுக்குச் சட்ட நிலையும்தான் அதன் உயிர். அது விழுந்தால் எங்கள் பகுதியும் சேர்ந்து விழும்.

பிள்ளைகள்

இந்த ஒப்பீட்டில் எல்லாரும் கடைசியில் வைப்பது எங்கள் வீட்டில் முதலில் இருக்கிறது. 21 வயது ஆனால் பிள்ளை என் மனுவிலிருந்து தானாக விழுந்துவிடும். 2002-இல் வந்த குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் மனு பரிசீலனையில் இருந்த மாதங்களை மட்டும் வயதில் கழித்துத் தருகிறது. வரிசையில் நின்ற வருடங்களைக் கழிப்பதில்லை. அமெரிக்காஸ் சில்ட்ரன் ஆக்ட் இதற்கென்றே வந்தது. முதலில் 2021-இல், மறுபடி 2023-இல். டெபோரா ராஸ், தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி முதலியோர் சபையில், அலெக்ஸ் பாடியாவும் ரேண்ட் பாலும் செனட்டில். பிள்ளையின் வயதைப் பெற்றோர் மனுப் போட்ட நாளோடு நிறுத்து, பத்து ஆண்டு சட்டப்படி இங்கே வளர்ந்து கல்லூரி முடித்தவருக்குக் கிரீன் கார்டு கொடு. சின்ன மசோதா, யாருடைய பங்கையும் பிடுங்காதது. அதுகூட ஓட்டெடுப்பு வரை போகவில்லை.

என் மகள் ஆறு வயதில் வந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பதினாறு வயதில் ஐஸ்கிரீம் கடையில் வேலைக்குப் போனபோது, எச்-4-இல் அது கூடாது என்று நான்தான் சொன்னேன். கல்லூரிக்கு அரசு உதவித்தொகைப் படிவம் அவளுக்கு இல்லை. போன மாதம் சாப்பாட்டு மேசையில் கேட்டாள்: "அப்பா, நான் எஃப்-1 ஸ்டூடண்ட் விசா வாங்கினா, நான் வளர்ந்த ஊர்ல நானே ஃபாரின் ஸ்டூடண்டா?"

என் வரிசைப்படி சொல்கிறேன். முழு மருந்து ரிலீஃப் ஆக்ட் வகை. நடக்கக்கூடியவற்றில் டிக்னிட்டி ஆக்ட்டின் கணக்கு, அந்தக் கட்டணத்தை நீக்கி. இரண்டும் முடியாதென்றால் ஒரே ஒரு பிரிவைக் கேட்பேன்: இரண்டு ஆண்டு நின்றவர் 485 போடலாம், அன்றைக்குப் பிள்ளைக்கு என்ன வயதோ அதுவே கணக்கு. ஒரு கிரீன் கார்டுகூடக் கூடுதலாகக் கேட்காத பிரிவு அது. வரம்பை மட்டும் எடு என்ற பழைய மசோதாவுக்காகப் பத்து வருடம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இனி அதை மட்டும் தனியாகக் கேட்டு என் காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் போட மாட்டேன்.

இப்போதைய காங்கிரஸின் ஆயுள் 2027 ஜனவரி 3 வரை. அதற்குள் நிறைவேறாத மசோதா எதுவானாலும் புது எண்ணோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் மகளுக்கு 2026 நவம்பர் 14-இல் 21 வயது ஆகிறது.